வாய்தாவுக்கு யார் காசு கொடுப்பது? பத்திரிகையாளர்களுக்கான சட்ட நிதி, அரிச்சுவடியிலிருந்து

திண்டிவனம் பக்கம் ஒரு தாலுகா நிருபர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் கிடையாது. அச்சான செய்திக்கு இவ்வளவு என்று வரும். பிழைப்புக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஏரியில் மண் அள்ளுவதைப் பற்றி ஒரு செய்தி எழுதுகிறார். லாரி நம்பர், போட்டோ, ஊர் மக்கள் தாசில்தாரிடம் கொடுத்த மனுவின் நகல் எல்லாம் கையில் இருக்கிறது. செய்தி வந்த பத்தாவது நாள் கடைக்கு ஒரு தபால். பிரித்தால் வக்கீல் நோட்டீஸ். ‘எமது கட்சிக்காரரின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்த தாங்கள்’ என்று ஆரம்பித்து, ஏழு நாளில் மன்னிப்பு, தவறினால் 50 லட்சம் நஷ்டஈடு, அதுபோகக் கிரிமினல் நடவடிக்கை என்று முடிகிறது.

ஆபீசுக்குப் போன் போடுகிறார். “சார்கிட்ட பேசிட்டுச் சொல்றோம்” என்கிறார்கள். சொல்லவில்லை. உள்ளூர் வக்கீலிடம் போய்ப் பதில் நோட்டீஸ் அனுப்புகிறார். அதற்கு ஒரு பீஸ். இரண்டு மாதம் கழித்து சம்மன் வருகிறது, திண்டிவனத்திலிருந்து அல்ல, கோயம்புத்தூரிலிருந்து. பத்திரிகை அங்கேயும் விற்கிறது, வழக்குப் போட்டவருடைய பெயர் அங்கேயும் கெட்டுவிட்டதாம். முதல் நாள் ராத்திரியே பஸ் ஏற வேண்டும். அன்று கடை மூடல். கோர்ட்டில் காத்திருந்தால் மதியம் கூப்பிடுவார்கள்: நீதிபதி லீவு, அல்லது எதிர்த்தரப்பு அவகாசம் கேட்கிறது. அடுத்த வாய்தா ஆறு வாரம் கழித்து.

மூன்று வருடம் கழித்து வழக்கு தள்ளுபடி ஆகலாம். அவர் எழுதியது உண்மை என்று நிரூபணமும் ஆகலாம். ஆனால் அந்த மூன்று வருடத்தில் அவர் எந்த ஏரியைப் பற்றியும் எழுதியிருக்க மாட்டார். வழக்குப் போட்டவருக்குத் தேவைப்பட்டதும் அதுதான். தீர்ப்பில் தோற்றால்கூட அவருக்கு லாபம்.

பத்திரிகையாளர் சட்டப் பாதுகாப்பு நிதி என்று உலகில் பல இடங்களில் இருப்பதெல்லாம் இந்த மூன்று வருடத்துக்கான ஏற்பாடுதான். ‘ஊடகச் சுதந்திரம்’ என்று பெரிய எழுத்தில் போடுவதால் அது ஏதோ மாநாட்டு விஷயம் மாதிரித் தெரிகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் வக்கீல் பீஸ், கோர்ட் கட்டணம், பஸ் டிக்கெட், ஜாமீன், மொழிபெயர்ப்புக் கூலி என்று மளிகைச் சீட்டு மாதிரிதான் இருக்கும்.

ஜெயிப்பதற்காக அல்லாமல் அலைய விடுவதற்காகப் போடும் இந்த மாதிரி வழக்குகளுக்கு ஒரு பெயர் உண்டு. 1980களில் அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பிரிங், பெனலபி கேனன் என்ற இரண்டு பேராசிரியர்கள் வைத்தது. அதன் ஆங்கிலச் சுருக்கம் ‘ஸ்லாப்’ என்று வரும்; கன்னத்தில் விட்ட அறை போலவே காதில் விழும். தமிழில் வாயடைப்பு வழக்கு என்று சொல்லலாம்.

இதன் உச்சத்தைப் பார்க்க ஐரோப்பாவின் குட்டித் தீவு நாடான மால்டாவுக்குப் போக வேண்டும். டாஃப்னி கருவானா கலீசியா என்ற பத்திரிகையாளர் 2017 அக்டோபர் 16 அன்று கார் குண்டில் கொல்லப்பட்டார். சாகும்போது அவர் மீது 40-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அந்த வருடம் பிப்ரவரியில், அமைச்சர் ஒருவர் தொடுத்த வழக்குகளில் அவருடைய வங்கிக் கணக்கே முடக்கப்பட்டது. வாசகர்கள் இணையத்தில் காசு திரட்டிக் கொடுத்தார்கள். கொலைக்குப் பிறகும் வழக்குகள் சாகவில்லை. வாரிசுகள் என்ற முறையில் குடும்பத்தின் தலைக்கு வந்தன. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் வாயடைப்பு வழக்குகளுக்கு எதிராக ஒரு சட்ட நெறியைக் கொண்டுவந்தபோது அதை எல்லோரும் ‘டாஃப்னி சட்டம்’ என்றே அழைத்தார்கள்.

இதை நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டில் 2011 முதல் 2016 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அரசு தரப்பில் 213 அவதூறு வழக்குகள் போடப்பட்டதாக உச்ச நீதிமன்றத்தில் கணக்குக் கொடுக்கப்பட்டது. அவற்றில் 55 ஊடகங்கள் மீது. 2021-ல் ஆட்சி மாறிய பிறகு, பத்திரிகையாளர்கள் மீது 2012-லிருந்து போடப்பட்டிருந்த சுமார் 90 வழக்குகளைத் திரும்பப் பெற அரசு உத்தரவிட்டது. இதில் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி: முதல்வர், அமைச்சர் போன்றோரின் பணி சம்பந்தமான அவதூறு வழக்கை அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் நீதிமன்றத்தில் போடலாம். செலவு அரசுடையது, அதாவது நம் வரிப்பணம். எதிரே நிற்கும் நிருபரோ சொந்தப் பையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். ஒரு பக்கம் கஜானா, மறுபக்கம் ஜெராக்ஸ் கடை. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சமாவது குறைக்கத்தான் நிதி.

சரி, நிதி என்றால் என்ன மாதிரி நிதி?

மானியம் என்றதும் நமக்கு உரமும் கேஸ் சிலிண்டரும் ஞாபகத்துக்கு வரும். பல்கலைக்கழகக்காரர்கள் நல்கை என்பார்கள். அந்தச் சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது. நல்கை என்பது கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம். பரிசும் இல்லை, இஷ்டத்துக்குச் செலவு செய்ய முடியாது. இன்ன காரியத்துக்கு என்று சொல்லி வாங்க வேண்டும், அதற்கே செலவு செய்ய வேண்டும், கடைசியில் கணக்குக் காட்ட வேண்டும்.

பணம் வரும் வழியைப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். மேலே ஓர் அரசோ அறக்கட்டளையோ பணம் போடும். அதற்குக் கீழே ஒரு நிதியம். அதற்கும் கீழே வழக்கு நடத்தத் தெரிந்த ஓர் அமைப்பு. கடைசியில் உள்ளூர் வக்கீல். பத்திரிகையாளர் கைக்குப் பெரும்பாலும் ரூபாயாக எதுவும் வராது. அவருக்காக வேறொருவர் பீஸ் கட்டுகிறார், அவ்வளவுதான். ‘வெளிநாட்டுக் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறான்’ என்று ஊரில் பேசுகிறவர்களுக்கு இந்த வழி தெரியாது. தெரிந்தாலும் பேசுவார்கள், அது வேறு.

உதாரணமாக, 2019 ஜூலையில் லண்டனில் பிரிட்டனும் கனடாவும் சேர்ந்து ஊடகச் சுதந்திரத்துக்காக ஒரு மாநாடு நடத்தின. அங்கே பேசி முடிவானதுதான் உலக ஊடகப் பாதுகாப்பு நிதியம். பிரிட்டன் ஐந்து ஆண்டுகளில் 30 லட்சம் பவுண்டு, கனடா 10 லட்சம் கனடிய டாலர் தருவதாக அறிவித்தன. நிர்வாகம் யுனெஸ்கோவிடம். இந்த நிதியம் நம் திண்டிவனம் நிருபருக்கு நேரடியாக எதுவும் தராது. லாப நோக்கமில்லாத அமைப்புகளிடமிருந்து திட்டங்களைக் கேட்டு வாங்கி, அவற்றுக்குப் பணம் கொடுக்கும். அந்த அமைப்புகள் வக்கீல்களுக்குப் பயிற்சி கொடுப்பது, இலவச சட்ட உதவி மையம் நடத்துவது, கொலையான பத்திரிகையாளர்களின் வழக்குகளைக் கிடப்பில் போடாமல் விரட்டுவது என்று செய்யும். தெருக் குழாயை எதிர்பார்த்து வந்தவருக்கு மேல்நிலைத் தொட்டியைக் காட்டுவது மாதிரி இருக்கும். ஆனால் தொட்டி இல்லாமல் குழாயில் தண்ணீர் வராது.

குழாய் எது என்று கேட்டால் லண்டனில் இருக்கும் ‘மீடியா டிஃபென்ஸ்’ அமைப்பைச் சொல்லலாம். 2008-ல் வேறொரு நீளமான பெயரில் ஆரம்பித்தது. உலகம் முழுக்கப் பத்திரிகையாளர்கள் மீதான வழக்குகளுக்கு உள்ளூர் வக்கீலை அமர்த்தவும் அவருக்குப் பீஸ் கொடுக்கவும் உதவுவதே இதன் வேலை. அவர்கள் பார்ப்பது முக்கியமாக மூன்றுதான்: வழக்கு உங்கள் பத்திரிகை வேலையால் வந்ததா, எழுதியது பொதுநலன் சம்பந்தப்பட்டதா, செலவைத் தாங்க உங்களுக்கு வழியில்லையா. அடையாள அட்டை இருக்கிறதா, பெரிய பத்திரிகையா என்பதெல்லாம் அப்புறம்தான். வலைப்பதிவு எழுதுகிறவரும் உதவி பெறலாம். பங்காளித் தகராறில் வந்த வழக்கைத் தூக்கிக்கொண்டு போனால், நீங்கள் எவ்வளவு பெரிய எடிட்டராக இருந்தாலும் நடக்காது.

இந்த நிதிகள் செய்யும் வேலைகளில் எல்லோருக்கும் சட்டெனப் புரிவது அவசர உதவி. ராத்திரி பதினோரு மணிக்குக் கைது, காலையில் ரிமாண்ட். அந்த இடைவெளியில் ஒரு வக்கீல் போய் நிற்க வேண்டும். இந்த நேரத்தில் ஒரு நல்ல வக்கீல் நின்றால் என்ன ஆகும் என்பதைச் சென்னை ஒரு தடவை பார்த்திருக்கிறது. 2018 அக்டோபர் 9 அன்று, ஆளுநர் மாளிகையிலிருந்து வந்த புகாரின் பேரில் நக்கீரன் கோபால் கைது செய்யப்பட்டார். போட்ட பிரிவு இந்திய தண்டனைச் சட்டம் 124. குடியரசுத் தலைவரையோ ஆளுநரையோ அவர்களுடைய பணியைச் செய்ய விடாமல் தாக்குவது, தடுப்பது பற்றிய பிரிவு அது. ஒரு பத்திரிகைக் கட்டுரைக்கு அதைப் போட்டிருந்தார்கள். எழும்பூர் நீதிமன்றத்தில் வக்கீல்கள் இதையே பிடித்துக்கொண்டு வாதாடினார்கள். மூத்த பத்திரிகையாளர் என். ராமும் கோர்ட்டில் எழுந்து பத்திரிகைத் துறையின் சார்பில் பேச அனுமதிக்கப்பட்டார். ரிமாண்ட் செய்ய மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். கோபால் அன்றே வெளியே வந்தார். எல்லாம் ஒரே பகலில். திண்டிவனத்துக்காரருக்கு அன்று மாலைக்குள் யார் வந்து நிற்பார்கள் என்பதுதான் கேள்வி.

எனக்குப் பிடித்தது இன்னொரு வகை. ஒரே ஒரு வழக்கைத் தேர்ந்தெடுத்து, அதை மேலே மேலே கொண்டுபோய், எல்லோருக்கும் பொருந்தும் ஒரு தீர்ப்பை வாங்குவது. இதற்கும் நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது, அதுவும் அதே நக்கீரன்தான். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையைத் தொடராக வெளியிடப் போவதாக அறிவித்தபோது, சிறைத்துறையிலிருந்து மிரட்டல் கடிதம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1994-ல் வந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பு, தங்களைப் பற்றி அவதூறு வரப்போகிறது என்ற பயத்தில் வெளியீட்டையே முன்கூட்டித் தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ கிடையாது என்று சொன்னது. பொது ஆவணங்களில் உள்ளதை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை என்றும் சொன்னது. இன்றைக்கும் இந்தியாவில் எந்த மூலையில் பத்திரிகை வழக்கு நடந்தாலும் வக்கீல்கள் எடுத்து நீட்டும் தீர்ப்புகளில் இது ஒன்று.

ஆப்பிரிக்காவில் இதே வேலை நல்கைப் பணத்தில் நடந்தது. புர்கினா ஃபாசோவில் இசா லோஹே கொனாட்டே என்ற பத்திரிகை ஆசிரியர், அரசு வழக்கறிஞர் ஒருவரைப் பற்றி 2012-ல் எழுதியதற்காக 12 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பத்திரிகையையும் ஆறு மாதம் மூடச் சொன்னார்கள். மேலே சொன்ன லண்டன் அமைப்பு அவருக்காக, தான்சானியாவின் அருஷா நகரில் இருக்கும் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2014 டிசம்பரில் தீர்ப்பு: அவதூறுக்கு ஜெயில் என்பது அளவு மீறிய தண்டனை. கருத்துச் சுதந்திரம் பற்றி அந்த நீதிமன்றம் கொடுத்த முதல் தீர்ப்பு அதுதான். ஒரு சின்ன வாரப் பத்திரிகையின் வழக்கு ஒரு கண்டத்துக்கே மேற்கோள் ஆனது. இந்தியாவில் கதை வேறு மாதிரிப் போனது. 2016-ல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில், அவதூறைக் கிரிமினல் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ம் பிரிவு. இரண்டு வருடம் வரை ஜெயில் இன்னும் உண்டு.

சந்தா மாதிரி ஒரு வகையும் வந்திருக்கிறது. வழக்கு வந்த பிறகு ஓடுவதற்குப் பதிலாக, செய்தி நிறுவனங்கள் வருடா வருடம் ஒரு தொகை கட்டி உறுப்பினர் ஆகிவிடுவது. வழக்கு வந்தால் அமைப்பு பார்த்துக்கொள்ளும். 2023 மே மாதம் தொடங்கிய ‘ரிப்போர்ட்டர்ஸ் ஷீல்டு’ அப்படிப்பட்டது. புலனாய்வுப் பத்திரிகையாளர்களின் ஒரு கூட்டமைப்பும் நியூயார்க்கின் வேன்ஸ் சட்ட மையமும் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் ஆதரவோடு ஆரம்பித்தன. எண்ணம் அருமைதான். ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளையெல்லாம் நிறுத்தி வைத்தது. ஜூலையில் யுஎஸ்எய்டின் கடையே மூடப்பட்டது. சுயேச்சையான ஊடகங்களுக்காக அந்த ஆண்டு ஒதுக்கப்பட்டிருந்த சுமார் 26.8 கோடி டாலர் முடங்கியதாக எல்லைகளற்ற பத்திரிகையாளர்கள் அமைப்பு கணக்குச் சொன்னது. ஒரே அரசின் பணத்தை நம்பிக் குடும்பம் நடத்தினால் என்ன ஆகும் என்று இந்தத் துறையில் இருக்கிறவர்களுக்கு அப்போது புரிந்தது. பலருக்குச் சம்பளமே நின்றது.

இனி விண்ணப்பம். முதல் தடவை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் கண்ணீரை எழுதுவார்கள்: எப்படிப்பட்ட மிரட்டல், எப்படிப்பட்ட அநியாயம், எத்தனை வருட சேவை. படிக்கிறவர் தேடுவது அதை அல்ல. நீங்கள் எழுதிய அந்தச் செய்தி எங்கே? எந்தத் தேதி? நோட்டீஸ் எங்கே, சம்மன் எங்கே, எந்தக் கோர்ட், என்ன பிரிவு, அடுத்த வாய்தா எப்போது? வக்கீல் யார், எவ்வளவு கேட்கிறார்? வேறு யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறீர்களா? உங்கள் பத்திரிகை ஏன் செலவை ஏற்கவில்லை? இந்தக் கேள்விகளுக்கு இரண்டு பக்கத்தில் பதில் இருந்தால் போதும். காகிதங்கள் தமிழில்தான் இருக்கும் என்பதால், ஒவ்வொன்றும் என்ன என்று ஒரு பத்தி ஆங்கிலச் சுருக்கம் வைக்க வேண்டும். முழு மொழிபெயர்ப்பு பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கான கூலியையே பட்ஜெட்டில் சேர்க்கலாம்.

பட்ஜெட்டில் ‘வழக்குச் செலவு: இரண்டு லட்சம்’ என்று ஒற்றை வரி எழுதினால் திரும்பி வரும். பதில் மனுவுக்கு இவ்வளவு, வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட இவ்வளவு, ஒரு வாய்தாவுக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். இங்கேதான் நம் ஊர் வழக்கம் குறுக்கே வரும். நண்பர் ஒருவருக்காக நானும் ஒரு தடவை இப்படிக் கணக்கு எழுத உட்கார்ந்தேன். வக்கீல் நல்ல மனிதர், பீஸ் குறைவாகத்தான் வாங்கினார். ரசீது என்று ஒன்று கொடுத்துப் பழக்கமே இல்லை. குமாஸ்தாவுக்குக் கொடுத்ததற்கு என்ன தலைப்புப் போடுவது? நகல் வாங்கக் கொடுத்த ‘டீச் செலவு’க்கு? கடைசியில் வக்கீல் தன் லெட்டர்பேடில் தேதிவாரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டீச் செலவு எங்கள் செலவாகவே போயிற்று. ஆகவே முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுவது நல்லது: ஐயா, ரசீது வேண்டும்.

எதற்குக் கொடுக்க மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான சட்ட நிதிகள் வக்கீல் பீஸ், கோர்ட் செலவோடு நின்றுவிடும். தோற்றுப்போய் நஷ்டஈடு கட்டச் சொன்னால் அதையும் அவர்களே கட்டுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து, ஊரை விட்டுப் போக வேண்டும், ஆஸ்பத்திரிச் செலவு என்றால் அதற்கான கதவு வேறு. நியூயார்க்கின் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு போன்றவை அதற்கென அவசர நிதி வைத்திருக்கின்றன. சட்டம், பாதுகாப்பு என்று இரண்டும் கலந்து வரும் வழக்குகளில் இந்த அமைப்புகள் தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்வதும் உண்டு.

இவ்வளவும் படித்துவிட்டு, உடனே விண்ணப்பத்தை நிரப்பலாம் என்று கிளம்புகிற இந்திய வாசகரைக் கொஞ்சம் பிடித்து உட்கார வைக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 என்று ஒன்று இருக்கிறது. அதன் 3-ம் பிரிவு, வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாதவர்களின் பட்டியல். தேர்தல் வேட்பாளர், நீதிபதி, அரசு ஊழியர், எம்.எல்.ஏ. ஆகியோரோடு அதே வரிசையில் பதிவு பெற்ற பத்திரிகையின் நிருபர், பத்தி எழுத்தாளர், கார்ட்டூனிஸ்ட், ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் எல்லோரும் இருக்கிறார்கள். கார்ட்டூனிஸ்ட்டைத் தனியாகப் பெயர் சொல்லி எழுதியவர் யாரோ, அவருக்கு அவர்கள் மேல் தனிப் பயம் இருந்திருக்க வேண்டும். ஒலி, காட்சி வழியாகச் செய்தி கொடுக்கும் நிறுவனங்களும் அவற்றில் வேலை பார்ப்பவர்களும் இதே பட்டியலில். மீறினால் ஐந்து வருடம் வரை ஜெயில். 2020 திருத்தத்துக்குப் பிறகு, முறையாக அனுமதி பெற்று வெளிநாட்டுப் பணம் வாங்கும் ஒரு தொண்டு நிறுவனம்கூட அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றிக் கொடுக்க முடியாது. நான் மேலே வரைந்த தொட்டி, குழாய்ப் படம் இந்திய எல்லையில் வந்து அடைபடுவது இப்படித்தான். அதனால் வெளியிலிருந்து எந்த உதவி வந்தாலும், அது யார் பெயருக்கு, எந்தக் கணக்குக்கு, என்ன வகையில் வருகிறது என்று இந்தச் சட்டம் தெரிந்த ஆடிட்டரிடமும் வக்கீலிடமும் கேட்காமல் ஒரு கையெழுத்தும் போடக் கூடாது. அவதூறு வழக்கிலிருந்து தப்பப் போய் இதில் மாட்டிக்கொண்டால், முதல் வழக்கே தேவலை என்று ஆகிவிடும்.

காசே குற்றச்சாட்டாக மாறுவது நம் பக்கத்தில் புதிதில்லை. இலங்கையில் தமிழ்ப் பத்திரிகையாளர் ஜெ. ச. திசைநாயகம், ‘நார்த் ஈஸ்டர்ன் மன்த்லி’ என்ற ஆங்கில இதழில் எழுதியதற்காக 2008 மார்ச்சில் கைதானார். 2009 ஆகஸ்ட் 31 அன்று அவருக்கு 20 வருடக் கடூழியச் சிறை. அந்த இதழை நடத்தப் பணம் திரட்டியதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. உலகம் முழுக்க எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2010-ல் முதலில் ஜாமீனும் பிறகு மன்னிப்பும் கிடைத்தன.

பிலிப்பைன்ஸில் பத்திரிகையாளர் மரியா ரெஸ்ஸாவின் ‘ராப்ளர்’ செய்தித் தளத்துக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அங்கே வந்தது நல்கைகூட இல்லை, ஓர் அமெரிக்க முதலீடு. அது வெளிநாட்டு உடைமை ஆகிறது என்று 2018-ல் நிறுவனத்தின் பதிவை ரத்து செய்தார்கள். அதே பணத்தை வைத்து வரி ஏய்ப்பு வழக்குகளும் போட்டார்கள். இரண்டு வருடத்துக்குள் தன் மீது பத்து பிடிவாரண்டுகள் வந்ததாக அவரே நோபல் உரையில் சொன்னார். வரி வழக்குகளில் 2023-ல் விடுதலையானார். அவதூறு வழக்கில் நடந்ததுதான் விசித்திரம். செய்தி வந்தது 2012 மே மாதம். இணைய அவதூறுச் சட்டம் வந்ததோ அதற்குப் பிறகு. ஆனால் 2014-ல் அந்தச் செய்தியில் ஒரு வார்த்தையின் எழுத்துப் பிழையைத் திருத்தினார்கள், ஒரே ஓர் எழுத்து. அதை மறுவெளியீடு என்று எடுத்துக்கொண்டு 2020-ல் தண்டனை. சட்ட நிதி கேட்டுப் போகிறவர்கள் ஏன் ‘எந்தத் தேதி?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறார்கள் என்பது இதைப் படித்தால் விளங்கும்.

அப்படியானால் உள்ளூரில் என்ன வழி? முதலில், இலவச சட்ட உதவி. 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அரசு செலவில் வக்கீல் கிடைப்பார். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இதற்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் அங்கே போவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் அர்த்தம் தெரியவில்லை. அப்புறம் பத்திரிகையாளர் சங்கங்கள், உள்நாட்டு நன்கொடையில் இயங்கும் உரிமை அமைப்புகள். இணையம் சம்பந்தப்பட்ட வழக்கானால் டெல்லியில் 2016-ல் தொடங்கிய இணையச் சுதந்திர அறக்கட்டளை. வாசகர்களிடமே கேட்பதும் ஒரு வழிதான். மால்டாவில் நடந்தது அதுதானே. கைதானவர் வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று: நியூஸ்கிளிக் செய்தித் தளத்தின் ஆசிரியர் பிரபிர் புர்காயஸ்தாவின் கைது செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதற்குக் காரணம், கைதுக்கான காரணங்களை எழுத்தில் கொடுக்கவில்லை என்பதே. அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கக் காசு தேவையில்லை.

நிதியால் முடியாததும் ஒன்று இருக்கிறது. கேரளப் பத்திரிகையாளர் சித்திக் கப்பன் 2020 அக்டோபர் 5 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஹத்ராஸ் போகும் வழியில் கைது செய்யப்பட்டார். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. வக்கீல்கள் இருந்தார்கள், சங்கம் இருந்தது, வெளியே குரல் கொடுக்க ஆளும் இருந்தது. ஜாமீன் நிற்க உள்ளூர்க்காரர் வேண்டுமே! கப்பனோ மலையாளி, ஜெயில் இருப்பது லக்னோவில். அந்த வழக்கில் பெயர் கொடுக்க அங்கே எல்லோருக்கும் பயம். லக்னோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் ரூப் ரேகா வர்மா, எண்பதை நெருங்கும் வயதில், முன்பின் தெரியாத அந்த மனிதருக்காகத் தன் காரின் ஆர்.சி. புக்கைக் கொண்டுபோய் வைத்தார். இன்னொரு வழக்கிலும் ஜாமீன் கிடைத்து, கப்பன் 2023 பிப்ரவரி 2 அன்றுதான் வெளியே வந்தார்.

நம் திண்டிவனத்துக்காரரும் கோயம்புத்தூர் கோர்ட்டில் முதல் தடவை ஆஜராகும்போது இரண்டு ஜாமீன்தாரர்களைக் கேட்டால் என்ன செய்வார்? அவர் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு, வண்டி ஆர்.சி. எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல் வேண்டும். அதை எடுக்க எங்கே போவது என்று மட்டும் அவர் கவலைப்பட வேண்டியதில்லை.